காரைச் சுவரில் பெயின்ட் உரிகிறது: சுண்ணாம்பு, காவி, மாக்கோலம், பாய் என்று பழைய வழிக்கே திரும்ப யோசனை வேண்டும்

திண்ணைவீடு:
வணக்கம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய பழைய ஓட்டு வீடு. முன்னறை 12க்கு 14 அடி, சுவர் உயரம் 10 அடி. காரையின் மேல் இரண்டு தடவை எமல்ஷன் அடித்திருக்கிறது. இப்போது தரையிலிருந்து மூன்றடி வரை பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு, விரல் பட்டால் பின்னாலிருந்து வெள்ளை மாவு கொட்டுகிறது. ஒரு சுவரில் அடிப்பகுதி சிமெண்ட் பூச்சு.

வேண்டியது இதுதான்: சுவர் முழுக்கச் சுண்ணாம்பு வெள்ளை, கீழே இரண்டரை அடிக்குக் காவிப் பட்டை, பட்டைக்குள் வரிசையாகக் கோலம். ஒரு சுவரில் பத்தமடைப் பாய் தொங்க வேண்டும். மாடத்தில் ஓலைக் கொட்டான்கள். வாசல் திண்ணை மண் திண்ணை, 12க்கு 4 அடி. அதைச் சாணம் போட்டு மெழுக வேண்டும். இரண்டு பக்கமும் மண் குதிரைகள். கடையில் விற்கும் 'கிராமிய லுக்' ஸ்டிக்கர் வேண்டாம், நிஜப் பொருளில் செய்ய வேண்டும். அளவோடு சொல்லுங்கள்.

காளவாய்:
பெயின்ட்டை மாற்றும் முன்னால் ஈரத்தின் கதையைப் புரிந்துகொள்ளுங்கள். பழைய சுவரின் அடியில் ஈரம் தடுக்கும் அடுக்கு இருக்காது. மண்ணிலிருந்து தண்ணீர் செங்கல் வழியாக ஏறும், உப்பையும் கரைத்துக்கொண்டு ஏறும். காரைப் பூச்சும் சுண்ணாம்பும் அந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். எமல்ஷன் ஒரு பிளாஸ்டிக் தோல். ஈரம் அதன் பின்னால் தேங்கி, உப்பு படிகமாகி, தோலைத் தள்ளுகிறது. நீங்கள் பார்த்த மாவு அந்த உப்புதான். சிமெண்ட் பூச்சு இன்னும் மோசம்: மூன்றடி அடைத்தால் ஈரம் நாலாவது அடியில் வெளியே வரப் பார்க்கும்.

ஆகவே சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுங்கள். எமல்ஷனைச் சுரண்டி எடுங்கள், வெந்நீர் நனைத்த துணியைக் கால் மணி நேரம் ஒட்டிவைத்தால் தோல் இளகும். முழுக்கப் போனதா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். உடனே உறிஞ்சினால் அது காரை. முத்தாக உருண்டு நின்றால் இன்னும் பிளாஸ்டிக் இருக்கிறது, அங்கே சுண்ணாம்பு பிடிக்கவே பிடிக்காது.

உப்பை உலர்ந்த தென்னந்துடைப்பத்தால் தட்டி, முறத்தில் வாங்கி வெளியே கொட்டுங்கள். கழுவ வேண்டாம். கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள் போகும். வீட்டைச் சுற்றி மழைத்தண்ணீர் சுவரோரம் நிற்கிறதா என்றும் பாருங்கள். அதைத் திருப்பி விடாமல் உள்ளே எது செய்தாலும் ஒரு மழைக்காலம்தான் தாங்கும்.

கொத்திய இடத்தை நிரப்பச் சுண்ணாம்பு வெண்ணெய் (நீற்றி ஊறவைத்த கெட்டிச் சுண்ணாம்பு) 1, கழுவிய ஆற்று மணல் 3. ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் கனம் போடக்கூடாது. போட்ட மறுநாள் மணியாஸ் கட்டையால் (பூச்சைத் தேய்க்கும் மரக்கட்டை) அழுத்தித் தேய்த்தால் மயிரிழை வெடிப்பு மூடிக்கொள்ளும். ஒரு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து ஈரமாகவே வையுங்கள். கொத்தனார் "இரண்டு கரண்டி சிமெண்ட் சேர்த்தால் சீக்கிரம் இறுகும்" என்பார். சேர்க்க விடாதீர்கள், எந்தக் கட்டியை இப்போது கொத்தி எடுத்தீர்களோ அதே கட்டிதான் மறுபடி வரும்.

திண்ணைவீடு:
நன்றி ஐயா. சுண்ணாம்பு எவ்வளவு வாங்க வேண்டும்? மூட்டையில் வரும் நீர்த்த பவுடர் போதுமா? வெள்ளையடிக்க வருபவர், வெள்ளைப் பசையும் ஒரு கை உப்பும் கலந்தால்தான் ஒட்டும் என்கிறார்.

காளவாய்:
கதவு ஜன்னல் போக உங்கள் சுவர் ஏறக்குறைய 450 சதுர அடி. மூன்று பூச்சுக்கு 4 கிலோ சுட்ட சுண்ணாம்பு தாராளம். கிடைத்தால் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்குங்கள், கல் சுண்ணாம்பை விட வெள்ளை, களிமண் கலப்பு குறைவு.

இரும்பு டிரம்மில் 12 லிட்டர் தண்ணீர் முதலில். அதில் சுண்ணாம்புக் கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கட்டி மேல் தண்ணீர் ஊற்றுவது ஆபத்து, சீறித் தெறிக்கும். போட்டதும் சில நொடி ஒன்றும் நடக்காது. பிறகு கட்டியில் கீறல் விழும், உஸ்ஸென்று ஆவி வரும், தண்ணீர் கொதிக்கும், கட்டி பூவாக விரிந்து கரையும். பிளாஸ்டிக் வாளி இந்தச் சூட்டுக்கு இளகிவிடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள், குழந்தைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது. கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவிவிட்டு உடனே மருத்துவமனை.

ஆறிய பிறகு இன்னும் 8 லிட்டர் ஊற்றிக் கலக்கி, குறைந்தது 24 மணி நேரம் மூடி வையுங்கள். ஒரு வாரம் வைத்தால் இன்னும் நல்லது. நீறாத சிறு கட்டி சுவருக்குப் போனால் அங்கே போய் நீறி, பொட்டுப் பொட்டாக வெடித்துக் குழி விழும். அதனால்தான் ஊற வைப்பதும், பிறகு முரட்டுத் துணியில் வடிப்பதும்.

பசைக்கு வேலம்பிசின் போதும். 10 லிட்டர் குழம்புக்கு 40 கிராம் கணக்கில் உங்கள் 20 லிட்டருக்கு 80 கிராம், வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். மஞ்சள் சாயல் தெரியாமல் இருக்க நீலம், சுண்ணாம்பு கிலோவுக்கு 3 கிராமுக்கு மேல் வேண்டாம். கூடினால் வெள்ளையில் சாம்பல் ஏறும். கடைசியில் இன்னும் 20 லிட்டர் தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள்.

வெள்ளைப் பசை வேண்டாம். அது பி.வி.ஏ. என்ற பிளாஸ்டிக் பசை; சுண்ணாம்பின் காரமும் சுவரின் ஈரமும் சேர்ந்தால் சிதைந்து விடும். சிதைவதற்கு முன்னால் சுவரின் மூச்சை வேறு அடைக்கும். உப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உப்பை வெளியேற்றத்தானே இவ்வளவு பாடு?

சாந்துக்கரண்டி:
உப்பு விஷயத்தில் சின்ன மாற்றுக் கருத்து. பழைய ஆட்கள் காரணத்தோடுதான் போட்டார்கள். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், சுண்ணாம்பு சீக்கிரம் காயாமல் மெதுவாக இறுகும். வெயில் விழும் மதில் சுவருக்கு அது உதவும். வீட்டு உள்சுவருக்கு, அதுவும் ஏற்கெனவே உப்பு பூத்த சுவருக்கு, காளவாய் சொல்வதே சரி.

மூட்டைப் பவுடரை முற்றாக ஒதுக்க வேண்டாம். புது மூட்டை என்றால் வேலை செய்யும். பழைய மூட்டை காற்றுப் பட்டு மூட்டைக்குள்ளேயே மறுபடி கல்லாகியிருக்கும், அதைச் சுவரில் அடித்தால் வெறும் சுண்ணத்தூள், உடம்பு பட்டால் வெள்ளையாக ஒட்டும். கண்டுபிடிக்க ஒரு சிட்டிகை எடுத்து எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் செத்த சுண்ணாம்பு. நுரை இல்லாவிட்டால் உயிர் இருக்கிறது. கடைக்காரர் முன்னாலேயே பார்த்து வாங்கலாம்.

காளவாய்:
எலுமிச்சைச் சோதனை நல்ல யோசனை. அதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடிக்கும் முறை முழுக்க அதில்தான் இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் 900 டிகிரி அளவுக்குச் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். நீற்றிச் சுவரில் அடித்த பிறகு, அதே வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கி மறுபடி கல்லாகிறது. இந்த வேலைக்கு ஈரம் வேண்டும். ஈரம் போய்விட்டால் இறுகுவது பாதியில் நின்றுவிடும். தொட்டால் ஒட்டும் சுண்ணாம்புச் சுவர் எல்லாமே வெயிலில், உலர்ந்த சுவரில், கெட்டியாக அடித்த சுவர்.

எனவே அடிக்கும் முன் சுவரில் தண்ணீர் தெளியுங்கள். சொட்டக்கூடாது, குளிர்ந்திருக்க வேண்டும். நுனி தட்டி நாராக்கிய மட்டை கிடைத்தால் அதுவே உத்தமம், இல்லாவிட்டால் அகலமான நார் பிரஷ். ரோலர் வேண்டாம். மேலிருந்து கீழ் ஒரு இழுப்பு, அதன் மேல் கீழிருந்து மேல், காயும் முன்னால் வலமிருந்து இடம், இடமிருந்து வலம். முதல் பூச்சு ஈரத்தில் கண்ணாடி போல் தெரியும், அடித்தோமா இல்லையா என்று சந்தேகம் வரும். காயக் காய வெள்ளை ஏறும். அந்தச் சந்தேகத்தில் கெட்டியாக அடித்தவர்களின் சுவர்தான் செதிலாக உதிர்கிறது. பூச்சுக்கும் பூச்சுக்கும் ஒரு நாள் இடைவெளி, ஒவ்வொரு முறையும் முன்னால் தெளிப்பு.

மாக்கோலம்:
காவிப் பட்டையைப் பற்றி நான் சொல்கிறேன். பலர் சுண்ணாம்புப் பாலில் காவியைக் கலந்து அடித்துவிட்டு, "சிவப்பு வரவில்லை, ரோஸ் கலராக இருக்கிறது" என்று வருத்தப்படுவார்கள். வெள்ளையில் கலந்தால் வெளிறத்தான் செய்யும். சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காவி போட்டால் பிடிப்பும் குறையும்.

அடர் சிவப்பு வேண்டுமானால் வழி வேறு. ஊற வைத்த சுண்ணாம்பின் மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் லிட்டருக்கு 300 கிராம் காவித்தூள், ஒரு ராத்திரி ஊறல், மறுநாள் மெல்லிய துணியில் வடிப்பு. மூன்றாவது வெள்ளைப் பூச்சு அடித்த அன்றே, அது இன்னும் பச்சையாக இருக்கும்போதே, பட்டையை இழுத்துவிடுங்கள். சுண்ணாம்பு இறுகும்போது காவியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். தஞ்சைப் பெரிய கோயில் கருவறைச் சுற்றில் 1931ல் வரலாற்றாசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்த சோழர் ஓவியங்கள் நிற்பதும் ஈரச் சுண்ணாம்பின் இந்தப் பிடிப்பால்தான். காய்ந்த பிறகு அடிப்பதாக இருந்தால் அரிசிக் கஞ்சியோ பிசினோ சேர்த்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சாய்ந்து உட்காருபவர் வேட்டியில் சிவப்பு ஏறும்.

உங்கள் அறைக்கு இரண்டரை அடிப் பட்டை, இரண்டு கோட்டுக்கு ஒரு கிலோ காவி. வாங்கும்போது ஒரு சிட்டிகையைச் சுண்ணாம்பு வெண்ணெயில் குழைத்து ஒரு ராத்திரி வையுங்கள். நிஜக் காவி இரும்புத் துரு, சுண்ணாம்பின் காரம் அதை ஒன்றும் செய்யாது. சாயம் ஏற்றிய தூள் என்றால் காலையில் நிறம் மாறியோ வெளுத்தோ இருக்கும். மஞ்சள் பட்டை வேண்டுமென்று யாராவது சமையல் மஞ்சளைக் கலந்தால் உடனே சிவந்துவிடும், குங்குமம் செய்யும் அதே வேதியியல். பிறகு வெளிச்சத்தில் வெளுத்தும் போகும். மஞ்சளுக்கு மஞ்சள் காவிக்கல்தான்.

செம்மண்ணைக் காவிக்குப் பதிலாகப் போடலாமா என்று கேட்பீர்கள். திண்ணைக்கும் மண் சுவருக்கும் போடலாம். சுண்ணாம்புச் சுவரில் செம்மண்ணின் களி சுருங்கி உதிரும்.

திண்ணைவீடு:
அக்கா, மிகவும் நன்றி. பட்டைக்குள் கோலம் எப்படி? அரிசி மாவிலேயே போடலாமா?

மாக்கோலம்:
தரைக்கு அரிசி மாவு, சுவருக்குச் சுண்ணாம்பு. ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தரைக்கு: ஒரு டம்ளர் பச்சரிசி இரண்டு மணி நேரம் ஊறட்டும், நைஸாக அரைத்து மோரை விடச் சற்றுக் கெட்டியாகக் கரையுங்கள். புழுங்கலரிசியில் அந்த வெள்ளை வராது. உள்ளங்கை அகலப் பருத்தித் துணியை மாவில் தோய்த்து, கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றுக்கும் நடுவே பிடியுங்கள். மோதிர விரல் தரையைத் தொட வேண்டும், அதன் நுனி வழியாகத்தான் மாவு இறங்கும். கட்டைவிரல் அழுத்தம் கூடினால் கோடு தடிக்கும், குறைந்தால் மெலியும். கை நகரும் வேகமும் பிழிகிற வேகமும் ஒன்றாக இருந்தால் கோடு ஒரே அகலத்தில் போகும். வளைவில் வேகம் குறைவதால் அங்கே பிழிவதையும் குறைக்க வேண்டும், பழகாதவர் கோலத்தில் வளைவுகள் மட்டும் தடித்திருப்பது இதனால்தான். போட்டதும் மங்கலாக இருக்கும், பத்து நிமிடத்தில் பளிச்சென்று வரும்.

சுவரில் இந்த முறை சரிப்படாது, மாவு வழிந்துவிடும். போதாததற்கு நிரந்தரமாக நிற்கும் அரிசி மாவைக் கரப்பானும் எறும்பும் தின்னும். தரைக்கோலம் எறும்புக்குத்தான், அது சரி. சுவரில் தின்றால் கோடு கோடாக ஓட்டை தெரியும். மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்து வார்லி மக்கள் சாணமும் காவியும் பூசிய சுவரில் அரிசி மாவால்தான் வரைகிறார்கள், நுனியை மென்று நாராக்கிய மூங்கில் குச்சிதான் பிரஷ். ஆனால் அங்கே சடங்குக்கு வரைந்த சுவரைத் திரும்பவும் மெழுகி மறுபடி வரைவது வழக்கம். பல வருஷம் நிற்க வேண்டுமானால் வடித்த சுண்ணாம்பு வெண்ணெய், சில சொட்டுப் பிசின் நீர், தோசை மாவை விட இளகலாக. அதே மூங்கில் குச்சியோ மெல்லிய பிரஷ்ஷோ போதும்.

புள்ளி வைப்பதற்கு அளவு: 12 அங்குலத்தை ஓர் அலகாக வைத்துக்கொள்ளுங்கள், புள்ளிக்குப் புள்ளி 3 அங்குலம். உங்கள் நீளச் சுவரில் 14 அலகு, குட்டைச் சுவரில் 12 அலகு, மிச்சமே இருக்காது. கதவு வருமிடத்தில் கதவின் இரு பக்கமும் சமமாக விட்டு நடுவிலிருந்து தொடங்குங்கள். மூலையிலிருந்து தொடங்கினால் கடைசியில் அரைக் கோலத்தில் வந்து முட்டும். கொத்தனார் நூலைக் கோலப்பொடியில் புரட்டி இழுத்து அடித்தால் நேர்கோடு விழும், அதன் மேல் புள்ளி. வேலை முடிந்ததும் ஊதினால் பொடி போய்விடும்.

திமிசுக்கட்டை:
திண்ணைக்கு வருகிறேன். சாணம் தரை ஆகாது, தரையின் மேல்தோல் மட்டும்தான். அடியில் மண் உறுதியாக இல்லாவிட்டால் எத்தனை தடவை மெழுகினாலும் பொடியும்.

முதலில் உங்கள் மண்ணைப் பாருங்கள். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. குலுக்கி ஒரு நாள் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று அடுக்காக நிற்கும். களி மொத்தத்தில் நாலில் ஒரு பங்கு இருந்தால் நல்ல தரை மண். பாதிக்கு மேல் களி என்றால் வெயிலில் ஆமை ஓடு போல் வெடிக்கும், மணல் சேருங்கள். பத்தில் ஒன்றுதான் களி என்றால் காலில் ஒட்டும், ஏரிக்களி சேருங்கள்.

பள்ளங்களைக் களி 1, மணல் 3, இரண்டு அங்குலத்துக்கு நறுக்கிய வைக்கோல் சேர்த்து நிரப்பி, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள். கையில் பிடித்தால் உருண்டையாகி, கீழே போட்டால் உடையும் பதம்தான் இடிக்க ஏற்ற ஈரம். சேறாக இருந்தால் கட்டையோடு எழும்பி வரும். வெளிப்பக்கம் அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுங்கள், மழைச்சாரல் தங்கக்கூடாது.

முழுக்கக் காய்ந்த பிறகு முதல் மெழுகல்: சாணமும் சலித்த களியும் சமம், கனம் ஒரு தட்டைப் பலகாரத்தின் அளவு. அது காய்ந்ததும் மேல் மெழுகல். உங்கள் 48 சதுர அடிக்குப் புதுச் சாணம் இரண்டு லிட்டர், தண்ணீர் மூன்று லிட்டர், ஒரு கை களி. தரையில் தண்ணீர் தெளித்து, மூலையிலிருந்து பின்னால் நகர்ந்துகொண்டே, கையை அரைவட்டமாக வீசி மெழுகுங்கள். ஒரு வீச்சின் விளிம்பு அடுத்த வீச்சில் மறைய வேண்டும். அந்த வளைவுத் தடம் காய்ந்த பிறகும் தெரியும். அதுதான் மெழுகிய தரையின் அழகு, மட்டக்கட்டை போட்டு அழிக்காதீர்கள்.

செதிலாக எழும்புகிறது என்றால் கனம் கூடிவிட்டது, அல்லது பழைய மெழுகலின் தூசியைப் பெருக்காமல் மேலே போட்டுவிட்டீர்கள். பொடிகிறது என்றால் சாணம் பழையது. புதுச் சாணத்தின் வழவழப்பும் நாரும்தான் பிடிப்பு, இரண்டு நாள் கிடந்த சாணத்தில் வழவழப்பு போய்விடும். கையில் காயம் இருந்தால் கையுறை போடுங்கள், சாணத்தில் டெட்டனஸ் கிருமி இருக்கலாம், தடுப்பூசி நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். திண்ணையில் எங்காவது சிமெண்ட் பூச்சு இருந்தால் அதன் மேல் மெழுக வேண்டாம், இரண்டு நாளில் தூசியாகும்.

சாந்துக்கரண்டி:
ஒரு கேள்வி. மேல் மெழுகலின் மேல் வார்னிஷ் அடித்தால் வாரா வாரம் மெழுக வேண்டாமே என்று சிலர் செய்கிறார்கள். நிற்குமா?

திமிசுக்கட்டை:
நிற்காது. திண்ணைக்கும் சுவருக்கு வந்த அதே நோய்தான் வரும். கீழிருந்து ஈரம் ஏறும், வார்னிஷ் தோல் தடுக்கும், தோலோடு மெழுகலும் பெயர்ந்து வரும். அப்புறம் அதன் மேல் சாணமும் ஒட்டாது, முழுக்கச் சுரண்ட வேண்டும். மண் தரை என்றால் மறுபடி மறுபடி மெழுகுவதுதான் அதன் பராமரிப்பு. நேரமில்லை என்றால் மெழுகாமல் இடித்த மண்ணாகவே விடலாம், அதுவும் அழகுதான்.

கோரைவிரல்:
பாய்க்கு என் பங்கு. பத்தமடைப் பாய் திருநெல்வேலி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்வது, புவிசார் குறியீடு பெற்றது. பாவு (நீளவாட்டு இழை) பருத்தி நூல் அல்லது பட்டு, ஊடை (குறுக்கு இழை) கோரை. நயப் பாயில் கோரையை மெல்லிய இழைகளாகக் கிழித்திருப்பார்கள். அதனால் அது துணி மாதிரி சுருளும், ஆனால் மடிக்கக்கூடாது. மடித்த இடத்தில் கோரை முறிந்து, பிறகு அந்தக் கோட்டில் உதிரும். வாங்கி வரும்போதே சுருட்டி வாங்குங்கள்.

வாங்கும்போது பாயின் பின்பக்கத்தைப் பாருங்கள், நெசவின் நெருக்கம் அங்கேதான் தெரியும். விரல் நகத்தால் ஊடையைத் தள்ளிப் பார்த்தால் நகரக்கூடாது. ஈரத் துணியால் ஓரத்தில் தேய்த்தால் சாயம் துணிக்கு வருகிறதா என்றும் பாருங்கள். பிளாஸ்டிக் பாயை அடையாளம் காண ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். கோரை உறிஞ்சும், பிளாஸ்டிக்கில் நிற்கும்.

தொங்கவிட ஆணி அடிக்காதீர்கள். பாயின் எடை ஆணியில் தொங்கினால் பாவு நூலுக்கு நடுவே கோரை பிளக்கும். மேல் ஓரத்தில் இரண்டு அங்குலப் பருத்திப் பட்டையை மடித்துக் குழாய் மாதிரி தைத்து, அதில் மூங்கில் கழியைச் செருகுங்கள். கழியின் இரு முனைகளும் சுவரில் அடித்த கட்டையில் உட்காரட்டும். பாய்க்கும் சுவருக்கும் நடுவே அரை அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்தால் பின்னால் காற்றோட்டம் இருக்கும். ஒட்டி மாட்டினால் மழைக்காலத்தில் பின்பக்கம் பூஞ்சை கரும்புள்ளியாகப் படரும்.

இன்னொன்று, வெள்ளையடித்து ஒரு மாதமாவது கழித்து மாட்டுங்கள். புதுச் சுண்ணாம்பின் காரம் பட்டால் சாயம் நிறம் மாறும். பழைய முறையில் சப்பங்கிக் கட்டையில் எடுத்த சிவப்பு இதற்கு உடனே இரையாகும். மெழுகிய திண்ணையில் பாய் விரிப்பதாக இருந்தால் திண்ணை முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், எழுந்ததும் சுருட்டி நிறுத்திவிடுங்கள்.

ஓலைக்கொட்டான்:
கொட்டானுக்கும் ஏறக்குறைய இதேதான். பனங்குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்துக்கு வகிர்ந்து, முடையும் முன்னால் தண்ணீரில் நனைத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டே முடைவார்கள். உலர்ந்த ஓலையில் முடைந்தால் மூலை திருப்பும்போது முறியும், ரொம்ப நனைந்த ஓலையில் முடைந்தால் காய்ந்ததும் சுருங்கிக் கண் விடும். உங்களிடம் பழைய கொட்டான் தளர்ந்திருந்தால் இதை வைத்தே சரிசெய்யலாம்: பாதி ஈரத் துணியில் ஒரு மணி நேரம் சுற்றிவைத்து, ஓலையை ஓலையோடு இறுக்கித் தள்ளி, உள்ளே துணி அடைத்து நிழலில் காயவிடுங்கள். பழைய வடிவம் திரும்பும்.

பளபளப்புக்கு வார்னிஷ் ஸ்பிரே அடிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஓலை ஈரத்துக்கு விரிந்து சுருங்கும், மேல்தோல் அதோடு போகாது. மஞ்சளேறிச் சில்லு சில்லாகப் பெயரும், ஓலையும் மொடமொடத்துவிடும். மாடம் ஈரச் சுவரில் இருந்தால் அடியில் ஒரு பலகைத் துண்டு வையுங்கள், அதுவே பூஞ்சைக்குப் போதும். உள்ளே காய்ந்த வேப்பிலை போட்டால் பூச்சி அண்டாது.

சூளை:
குதிரைக்கு நாலு வரி. வாங்கும்போது விரல் மடக்கித் தட்டுங்கள். கணீரென்றால் நன்றாக வெந்தது, சத்தம் மந்தமாக இருந்தால் எங்கோ விரிசல் அல்லது பாதி வேகல். பாதி வெந்தது முதல் மழையில் கால் கரையும். திண்ணையோரம் நேராக மண்ணில் வைக்காமல் ஒரு செங்கல் மேல் வையுங்கள், அடியிலிருந்து ஏறும் உப்பு காலில்தான் முதலில் பூக்கும். பூத்தால் குதிரையைத் தொட்டித் தண்ணீரில் மூழ்க வைத்து, நாளுக்கு ஒரு தண்ணீராக ஒரு வாரம் மாற்றினால் உப்பு இறங்கும். எனாமல் பெயின்ட் அடித்த குதிரையை இப்படிச் சரிசெய்ய முடியாது. ஆகவே வண்ணம் இல்லாத குதிரையாகக் கேட்டு வாங்கி, காவியும் சுண்ணாம்புமாக நீங்களே தீட்டிக்கொள்ளுங்கள்.

திண்ணைவீடு:
எல்லோருக்கும் நன்றி. இப்போது ஐப்பசி, மழை பிடித்துவிட்டது. பெயின்ட் சுரண்டும் வேலையை ஆரம்பித்துவிட்டு, சுண்ணாம்பை எந்த மாதம் அடிக்கலாம்? சித்திரை வெயிலில் நன்றாகக் காயும் என்று கொத்தனார் சொல்கிறார்.

காளவாய்:
சித்திரை வேண்டவே வேண்டாம். சீக்கிரம் காயும், இறுகாது. பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிக்கும் வழக்கத்தில் நல்ல கணக்கு இருக்கிறது. மார்கழிக் கடைசியில் மழை விட்டிருக்கும், வெயில் இளசாக இருக்கும், காலையில் பனி இறங்கும். சுண்ணாம்புக்கு அதைவிட நல்ல காற்று கிடையாது.

ஐப்பசியில் சிமெண்டையும் எமல்ஷனையும் எடுத்துவிட்டுச் சுவரை வெறுமனே விடுங்கள். சுவரோரம் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று இந்த மழையே காட்டிக்கொடுக்கும், அதைத் திருப்பிவிடுங்கள். சுண்ணாம்பை இப்போதே நீற்றி, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்க மூடி வைத்தால் மார்கழிக்குள் வெண்ணெயாகியிருக்கும். கார்த்திகை கடைசியில் காரை ஒட்டு. மார்கழி நடுவில் உப்பை மறுபடி ஒரு தடவை தட்டி எடுங்கள், அந்த முறை கட்டாயம் பூத்திருக்கும். அதன் பிறகு மூன்று பூச்சு, மூன்றாவது பூச்சன்றே காவி.

முதல் வருஷம் அடிச்சுவரில் அங்கங்கே கொஞ்சம் உப்பு வரும், பயப்பட வேண்டாம். உலர்ந்த துடைப்பத்தால் தட்டிவிட்டு அந்த இடத்துக்கு மட்டும் ஒரு கை பூசுங்கள். மிச்சச் சுண்ணாம்பைக் கொட்டாமல் ஒரு ஜாடியில் தண்ணீர் நிற்க மூடி வைத்திருங்கள், அதற்குத்தான்.

மாக்கோலம்:
காவியிலும் ஒரு கால் கிலோ தனியாக எடுத்து வையுங்கள், அடுத்த வாங்கலில் அதே சிவப்பு கிடைக்காது.